அஞ்சு ஸ்டார் கீசரும் அண்ணன் வீட்டுச் சுவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்ற வாய், சுருக்கமாகப் பேச வராது.

போன ஞாயிறு பொள்ளாச்சிப் பக்கம் என் அண்ணன் கட்டுகிற வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு பாத்ரூம். நான்கிலும் எலக்ட்ரீஷியன் கீசருக்கு ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் விட்டிருந்தார். சுவரில் காடி வெட்டிப் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. வெந்நீருக்கென்று ஒரு பொதுக் குழாயைக் காணோம். "ஏனுங்கண்ணா, வெந்நீர் லைன் விடலையா?" என்று கேட்டேன். "எதுக்கு அம்மிணி? நாலு கீசர் வாங்கி மாட்டினா முடிஞ்சுது. அஞ்சு ஸ்டாராப் பாத்து வாங்கிக்கலாம்" என்றார். ஹீட் பம்ப் ஒன்று வைத்தால் நாலு பாத்ரூமுக்கும் போதுமே என்றேன். எலக்ட்ரீஷியன் சிரித்தார். "அதெல்லாம் ஓட்டலுக்குங்க டீச்சர்." அண்ணன் மகன் ஃபோனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். ஹீட் பம்ப் என்பதே ஏமாற்று வேலை, 300 சதவீதத் திறன் என்று புளுகுகிறார்கள் என்று ஒருவர் அதில் ஆவேசமாகப் பேசுகிறார். "பாருங்க அத்தை, நீங்களே சொல்லிக் கொடுத்ததுதான், ஆற்றலை உருவாக்க முடியாதுன்னு!"

அன்று இரவு அதே வீடியோ நம் பள்ளிக் குழுவிலும் வந்தது. அனுப்பியது என்னிடம் இயற்பியலில் தொண்ணூற்றுக்கு மேல் வாங்கிய பையன். கீழே பத்துப் பேர் கைதட்டியிருக்கிறார்கள். கை தட்டிய பத்துப் பேரும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் குற்றவாளி நான்தான், ஒப்புக்கொள்கிறேன். "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது" என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். வெப்ப எஞ்சினுக்குச் சூத்திரம் போட்டுக் கொடுத்தேன், குளிர்சாதனப் பெட்டிக்குப் படம் வரையச் சொல்லி ஐந்து மதிப்பெண் கொடுத்தேன். அந்தப் பெட்டியின் பின்பக்கம் ஏன் சுடுகிறது என்று ஒருநாளாவது கேட்டேனா? இல்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு இந்த வீடியோவுக்குப் பத்துக் கைதட்டல் விழுந்திருக்காது.

முதலில் கீசர். அதற்குள்ளே இருப்பது ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்தால் சூடாகும், சூடு முழுதும் தண்ணீருக்குப் போகும். அதைவிட நேர்மையான பொருள் வீட்டில் கிடையாது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் 860 கிலோ கலோரி வெப்பம் தரும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி. ஆக 25 லிட்டர் கீசரில் 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 875 கிலோ கலோரி, கிட்டத்தட்ட ஒரு யூனிட், இரண்டு கிலோவாட் கம்பி என்றால் அரை மணி நேரம். ஒரு ஸ்டார் கீசரானாலும் சரி, ஐந்து ஸ்டார் கீசரானாலும் சரி, இதில் மாற்றமே இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. "அஞ்சு ஸ்டார் கீசர் வாங்கினா கரண்ட் கம்மியா இழுக்கும்" என்று கடையில் சொல்கிறார்கள். நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கீசருக்குக் கொடுக்கிற நட்சத்திரம் எதை வைத்துத் தெரியுமா? தண்ணீரைச் சூடாக்கிவிட்டு யாரும் குழாயைத் திறக்காமல் ஒருநாள் முழுதும் சும்மா வைத்திருந்தால், அந்தச் சூட்டைக் காப்பாற்ற எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை வைத்து. அதாவது, தொட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கும் பஞ்சுக்குக் கொடுக்கிற மார்க் அது. நாள் முழுதும் சுவிட்சைப் போட்டே வைத்திருக்கிற வீட்டுக்கு அது நல்லதுதான். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளித்ததும் நிறுத்துகிற வீட்டில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபிரிட்ஜில் ஸ்டார் கூடினால் பில் குறைவதைப் பார்த்திருக்கிறோம், அதே கணக்கைக் கீசருக்கும் போட்டுக்கொள்கிறோம். கடைக்காரர் அதைத் திருத்துவதில்லை. அவருக்கு என்ன வந்தது?

இப்போது ஹீட் பம்ப். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால் கையை வைத்துப் பாருங்கள், அல்லது ஏசியின் வெளிப்பெட்டி முன்னால் நின்று பாருங்கள். அந்த அனல் எங்கிருந்து வந்தது? உள்ளே இருக்கிற அறையிலிருந்து உறிஞ்சி வெளியே கொண்டுவந்து கொட்டியது. ஹீட் பம்ப் என்பது அதே வேலையைத் தலைகீழாகச் செய்வது. வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை ஒரு குளிரூட்டி வாயு வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது, அழுத்தினால் சூடேறும், சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவது மாதிரி. அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வாயு மறுபடி குளிர்ந்து காற்றுக்குப் போகிறது. மின்சாரம் செய்வது சுமக்கிற கூலி வேலை. சுமை காற்றிலிருந்து வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கூலியாகக் கொடுத்தால், காற்றிலிருந்து இரண்டு யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தன்னுடைய ஒன்றையும் சேர்த்து மூன்றாகத் தொட்டியில் இறக்கும். எதையும் உருவாக்கவில்லை. விதி எதுவும் உடையவில்லை. தென்னந்தோப்பில் காய் இறக்குகிறவர் ஒருநாள் கூலிக்கு ஆயிரம் காய் இறக்குகிறார் என்றால் அவர் தேங்காயை உற்பத்தி செய்துவிட்டார் என்றா சொல்வோம்?

இது நேற்று வந்த தந்திரமும் இல்லை. 1852லேயே கெல்வின் பிரபு இப்படி ஓர் எந்திரத்தால் கட்டிடத்தைச் சூடாக்கலாம் என்று எழுதிவிட்டார். ஆமாம், நீங்கள் 273ஐக் கூட்டிக் கூட்டி வைதீர்களே, அதே கெல்வின்தான். அதற்கும் முன்னால் 1824ல் கார்னோ போட்ட கணக்கை வைத்தே எல்லை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தண்ணீர் 55 டிகிரி, அதாவது 328 கெல்வின். காற்று 25 டிகிரி, 298 கெல்வின். 328ஐ வித்தியாசமான 30ஆல் வகுத்தால் பதினொன்றை ஒட்டி வருகிறது. இயற்கை பதினொன்று வரை அனுமதிக்கிறது. மனிதன் செய்த மெஷின் மூன்று நான்கோடு நின்றுவிடுகிறது. ஆகவே வீடியோக்காரர் கோபப்பட வேண்டியது 300 சதவீதம் ஏன் இவ்வளவு அதிகம் என்று இல்லை, ஏன் இவ்வளவு குறைவு என்றுதான். அந்த வகுத்தலை இன்னொரு முறை பாருங்கள். காற்று குளிரக் குளிர, தண்ணீரின் சூடு ஏற ஏற, கிடைப்பது குறைந்துகொண்டே போகும். ஊட்டியில் 10 டிகிரிக் காற்றில் அதே கணக்குப் போட்டால் ஏழு சொச்சம்தான். வெந்நீர் அதிகம் வேண்டிய ஊரில் கொஞ்சம் குறைவாகவும், வேண்டாத சென்னையில் பிரமாதமாகவும் வேலை செய்கிற மெஷின் இது. இயற்கைக்கும் குசும்பு உண்டு.

சரி, டீச்சர் ஹீட் பம்ப் ஏஜென்சி எடுத்துவிட்டார் என்று யாராவது எழுதுவதற்குள் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹீட் பம்ப் விற்கிறவர்களும் யோக்கியர்கள் இல்லை. "உங்க கரண்ட் பில்லுல 70 சதவீதம் மிச்சம்" என்கிறார்கள். பில்லில் இல்லை. தண்ணீர் காய வைக்கிற பங்கில்தான். அந்தப் பங்கே சின்னதாக இருக்கிற வீட்டில், சின்னதில் முக்கால் என்பதும் சின்னதுதான்.

சென்னையில் இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி, அப்பா அம்மா இரண்டே பேர் இருக்கிற ஃபிளாட்டுக்கு 200 லிட்டர் ஹீட் பம்ப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெருமையாகப் படம் போட்டிருந்தாள். கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. சென்னையில் மார்கழி தை விட்டால் யாருக்கு வெந்நீர்? சித்திரை வைகாசியில் பகல் பதினோரு மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீரில் கையை வைக்க முடிகிறதா? அந்த இரண்டு பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பக்கெட். 200 லிட்டரைச் சூடாக்கி 180 லிட்டரைச் சும்மா ஆற வைப்பதற்கு எதற்கு ஒரு லட்சம் ரூபாய்? ஒரு 10 லிட்டர் கீசரை மாட்டி, சுவிட்சைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்துக் கொடுத்திருந்தால் அதுதான் அவர்களுக்கு உதவி. மெஷின் நல்ல மெஷின்தான். விற்ற இடம்தான் தப்பு.

எனவே கீசரா ஹீட் பம்பா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி பக்கெட்டா ஷவரா என்பது. இதை ஒருவர்கூடக் கேட்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். பக்கெட்டில் குளிக்கிறவருக்கு விளாவிய தண்ணீர் 20 லிட்டர் போதும். 25 டிகிரியிலிருந்து 40க்கு. 300 கிலோ கலோரி, 0.35 யூனிட். ஷவருக்கு அடியில் நின்று பாட்டுப் பாடுகிறவருக்கு 60 லிட்டர் சாதாரணம். அது ஒரு யூனிட்டைத் தாண்டும், 1.05 என்று வையுங்கள். அண்ணன் வீட்டில் ஆறு பேர். அண்ணனும் அண்ணியும் பக்கெட். மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் ஷவர். நாலு ஷவருக்கு 4.2, இரண்டு பக்கெட்டுக்கு 0.7, மொத்தம் ஒரு நாளைக்கு 4.9 யூனிட். ரீடிங் எடுக்கிற இரண்டு மாதத்துக்கு 294 யூனிட். ஹீட் பம்ப் மூன்று மடங்கு தரும் என்று அடக்கமாகவே வைத்தால் 98. மிச்சம் 196.

இந்த 196 யூனிட் எந்தப் படியில் மிச்சமாகிறது என்பதில்தான் சூட்சுமம். நம் ஊர் மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக ஏறும். மொத்தம் 500க்குள் நின்றால் கீழ்ப்படிகளில் மலிவு உண்டு. 501 ஆனால் அந்த மலிவும் போய், வேறு அட்டவணைக்கு மாற்றிவிடுவார்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி 500க்கு மேல் யூனிட்டுக்கு எட்டரை ரூபாய், 600க்கு மேல் ஒன்பதரைக்கும் மேலே. இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், போர் மோட்டார் எல்லாம் ஓடுகிற வீட்டில் கீசர் யூனிட் உட்காருவது அந்த மேல்படியில்தான். சராசரி 9 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்குப் பத்தாயிரத்து ஐநூறு சொச்சம். எங்களுக்குச் சொன்ன விலை ஹீட் பம்ப் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நாலு கீசருக்கு நாற்பதாயிரம் ஆகும், அதைக் கழித்தால் வித்தியாசம் 70,000. ஆறரை வருடத்தில் வந்துவிடும். கோடையில் யாரும் சுடுதண்ணீர் கேட்க மாட்டார்கள், அதையும் கழித்தால் எட்டு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வீட்டில் ஆறு பேரும் பக்கெட்டில் குளித்தால்? இரண்டு மாதத்துக்கு 126 யூனிட், ஹீட் பம்பில் 42, மிச்சம் 84. வருடத்துக்கு நாலாயிரத்து ஐநூறு. போட்ட 70,000 திரும்பி வரப் பதினைந்து வருடத்துக்கு மேல். அதற்குள் மெஷினுக்கே வயதாகிவிடும். ஆகவே ஹீட் பம்ப் வைத்துச் சிக்கனம் பிடிக்கப் போகிறேன் என்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு மக் வாங்குங்கள். அதுவே பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் வளர்ந்த பேரப்பிள்ளைகளை ஷவரிலிருந்து பிடுங்கிப் பக்கெட்டுக்குக் கொண்டுவர அண்ணனால் முடியாது, என்னாலும் முடியாது. வீட்டுக்குள் நடப்பது எதுவோ அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும், நாம் ஆசைப்படுவதற்கு இல்லை.

"கரண்ட் பில்லு வந்தா கட்டிக்கலாம் அம்மிணி" என்றார் அண்ணன். கட்டுவீர்கள், தெரியும். ஆனால் அந்த வீட்டில் விடியற்காலை முதலில் எழுந்து ஒவ்வொரு பாத்ரூமாகப் போய் சுவிட்ச் போடப் போவது யார்? அண்ணி. குளித்துவிட்டு நிறுத்தாமல் பள்ளிக்கு ஓடுகிற குழந்தைகளின் பின்னால் போய் நிறுத்தப் போவது யார்? அண்ணி. பில் வந்ததும், "எந்நேரமும் கீசர் எரியுது, யாரும் பாக்கறதில்லை" என்று யாரைப் பார்த்துச் சொல்வீர்கள்? நம் அம்மா பொடக்காளியில் மட்டையையும் பாளையையும் வைத்து அண்டாவுக்குக் கீழே ஊதி ஊதி, கண்ணெல்லாம் சிவந்து, பத்துப் பேருக்கு வெந்நீர் விளாவினார். நாம் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். அம்மா எப்போது குளித்தார் என்று நமக்குத் தெரியுமா அண்ணா? வீட்டில் வெந்நீர் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர் ஒருவர், அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர் இன்னொருவர் என்பது அந்த அண்டா காலத்திலிருந்து மாறவே இல்லை.

இனி ஹீட் பம்ப் வேண்டாம் என்பதற்கு நீங்கள் சொன்ன காரணங்கள். எலக்ட்ரீஷியன் சொன்னதில் பாதி உண்மை.

மெதுவாகத்தான் காயும். உண்மை. 200 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 6,000 கிலோ கலோரி, ஏழு யூனிட் வெப்பம். மணிக்கு இரண்டு யூனிட் வெப்பம் தருகிற மெஷினுக்கு மூன்றரை மணி நேரம். அதனால்தான் பெரிய தொட்டி. பகலில், காற்று சூடாக இருக்கும்போது, முக்கால் கிலோவாட்டுக்குள் இழுத்துக்கொண்டு நிதானமாகக் காய வைத்துவிட்டு, தேர்மாஸ் ஃபிளாஸ்க் மாதிரி வைத்திருக்கும். நாலு கீசரையும் காலை ஆறரைக்குச் சேர்த்துப் போட்டால் எட்டு கிலோவாட். அதைப் பற்றி எலக்ட்ரீஷியன் ஒன்றும் சொல்லவில்லை, பெரிய ஒயராகப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

சத்தம் வரும். வரும், ஏசியின் வெளிப்பெட்டி அளவுக்கு. படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள், துணி துவைக்கிற பக்கம் திறந்த இடத்தில் வையுங்கள். மூடிய ஸ்டோர் ரூமில் வைத்தால் அதே காற்றையே குளிரவைத்துக் குளிரவைத்து, தானே மூச்சுத் திணறும்.

குழாயில் தண்ணீர் வீணாகும். இது நியாயமான கேள்வி, யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். மாடியிலிருந்து கீழ் பாத்ரூமுக்கு 15 மீட்டர் என்றால், வெந்நீர் வருவதற்குள் நாலு லிட்டர் ஆறிய தண்ணீர் வெளியே வரும். பக்கெட்டில் பிடித்தால் வீணில்லை. ஷவரில் பிடித்தால் சாக்கடைக்குத்தான். அதனால் தொட்டியை மொட்டை மாடி மூலையில் வைக்காமல் பாத்ரூம்களுக்கு நடுவாக வைக்க வேண்டும், குழாய்க்கு மேலே கறுப்பு நுரை உறை போட வேண்டும், கிளைக் குழாயை அரை இஞ்சாகக் குறைக்க வேண்டும். இதெல்லாம் சுவர் திறந்திருக்கும்போது செய்கிற வேலை.

போர் தண்ணீர் உப்பு. இது கீசருக்கும் எமன்தான். கம்பியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, கடைசியில் கம்பி வெந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு உப்பு சூடு ஏற ஏறத்தான் அதிகமாகப் படியும். பெரும்பாலான வீடுகளில் கீசர் திருகை 75ல் வைத்துவிட்டு, அப்புறம் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிறார்கள். எதற்குக் காய வைத்தீர்கள், எதற்கு ஆற வைக்கிறீர்கள்? 50, 55 போதும். ஹீட் பம்ப் வாங்குவதானால் சுருள் தொட்டிக்கு வெளியே சுற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். அதுதான் உப்புத் தண்ணீருக்குத் தாங்கும். தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், துரு தொட்டியைத் தின்னாமல் தான் கரைந்து காப்பாற்றுகிற கம்பி. அதை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். விற்கிறவர் சொல்ல மாட்டார். பெரிய தொட்டியில் தண்ணீர் நாள்கணக்கில் வெதுவெதுப்பாக நிற்கக்கூடாது, கிருமி வளரும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஒருமுறை 60க்கு ஏற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சர்வீஸுக்கு ஆள் கிடைக்குமா? இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கீசர் கெட்டால் தெருமுனை எலக்ட்ரீஷியன் அரை மணியில் கம்பியை மாற்றிவிடுவார். கம்ப்ரசர் கெட்டால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும். ஏசி மெக்கானிக்குத் தெரிந்த வேலைதான் என்றாலும், உதிரிப்பாகம் அந்தக் கம்பெனிக்காரரிடம்தான். வாங்குவதற்கு முன்னால், இதே ஊரில் மூன்று வருடமாக வைத்திருக்கிற ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

சோலார் வைத்தால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். தாராளமாக. வெயில் அடிக்கிற ஊரில் கூரை காலியாக இருந்தால் அதுதான் எல்லாவற்றையும் விட மலிவு. ஆனால் நம் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் சாரலும் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஐப்பசி கார்த்திகையில் மழை. வெந்நீர் வேண்டுகிற நாளில் அது விடுப்பு எடுக்கும், பிறகு உள்ளே இருக்கிற மின்கம்பியைத்தான் போட வேண்டும். உப்புத் தண்ணீர் கண்ணாடிக் குழாய்களுக்குள் அடைக்கும் தொல்லையும் உண்டு. இருந்தாலும் சோலாருக்கும் அதே பொது வெந்நீர்க் குழாய்தான் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. கேஸ் கீசர் மலிவு என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். தம்பி, மூடிய பாத்ரூமுக்குள் அதை மாட்டவே மாட்டாதே. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை என்று வேதியியல் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மயக்கம் வருவது தெரியாமலேயே மயங்கி, கதவை உடைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடும் அப்படியே. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை. இதில் மலிவு பார்க்கிற கணக்கை நான் திருத்தவே மாட்டேன், நேராக முட்டைதான்.

இப்போது அண்ணனுக்கு நேராக. அண்ணா, ஹீட் பம்பை இன்றைக்கே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு லட்சம் கையில் இல்லையென்றால் வேண்டாம், வீடு கட்டுகிறவருக்கு எந்தப் பக்கம் பணம் ஓடுகிறது என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒரு குழாய். நாலு பாத்ரூமையும் சமையலறையையும் சேர்த்து ஒரு வெந்நீர் லைன், வெந்நீர் தாங்குகிற சிபிவிசி குழாயில். துணி துவைக்கிற இடத்துப் பக்கம் அதன் வாய், அங்கே ஒரு பவர் பாயிண்ட், முழுத் தொட்டியின் பாரம் தாங்க அடியில் ஒரு சின்னக் கான்கிரீட் மேடை. பிளம்பரிடம் கேட்டேன், இப்போது செய்தால் நாலு கீசர் விலையில் பாதிகூட ஆகாது என்கிறார். இப்போதைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு கீசர் போதும், அதே லைனிலேயே இணைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஹீட் பம்போ சோலாரோ எது வந்தாலும் குழாய் தயாராக இருக்கும். சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டால் இன்னும் இருபது வருடத்துக்கு அந்த வீட்டில் கீசரைத் தவிர வேறு எதையும் வைக்க முடியாது. அப்போது எந்தக் கணக்கு வென்றது என்று பேசிப் பயனில்லை.

குழுவில் வீடியோ போட்ட என் தொண்ணூறு மதிப்பெண் மாணவனுக்கு: ஃபிரிட்ஜின் பின்னால் கை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுது. பழைய பாக்கி. உனக்கு மட்டும் இல்லை, கைதட்டிய பத்துப் பேருக்கும்.

வீட்டுக்கு எது சரி என்று கேட்கிறவர்கள் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை பேர், பக்கெட்டா ஷவரா, போன இரண்டு பில்லில் எத்தனை யூனிட். இந்த நாலும் இல்லாமல் "எந்தக் கம்பெனி நல்லது டீச்சர்" என்று மட்டும் கேட்டால் பதில் போட மாட்டேன்.

அண்ணா, டைல்ஸ்காரர் வியாழக்கிழமை வருகிறார் என்று அண்ணி சொன்னார்கள். புதன் சாயங்காலம் நான் வருகிறேன். பிளம்பரை இருக்கச் சொல்லுங்க.